எடித் கண்ட குறை

குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டுதான் எடித் வாதாடுவார். வேறு யாராவது அப்படிப் பேசினால் பார்க்கிற நமக்குப் பயமாக இருக்கும். எடித் பேசும்போது ஊசிக்குத்தான் பயமாக இருக்கும். "மெல்றோய் ஆறடி மூண்டாம். ஆர் அளந்தது? அவன்ட களிசான் தைக்கிறது நான். என்ட டேப்புல ஆறடி ஒண்டு. அதுக்கு மேல ஒரு நூல் இல்ல." சொல்லிவிட்டு, மடியில் கிடக்கிற யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடக் களிசானை மடித்து, உதட்டிலிருந்து ஓர் ஊசியை எடுத்துக் குத்துவார். வாதம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஓர் ஊசி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி ஒரு கூடைப்பந்துத் திடல் இருக்கிறது. அதன் மதிலோரம் முனாஸின் தேநீர் வண்டி. வெயில் தாழ்ந்ததும் எடித் தையல் பையோடு வந்து மதிலில் ஏறிக் குந்துவார். ஐம்பத்தேழு வயது, ஒல்லி உடம்பு, முழங்காலுக்குக் கீழே இறங்கும் பூப்போட்ட கவுன், கழுத்தில் சங்கிலிக்குப் பதிலாக அளவு டேப். போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண்கள் பலகாரத்துக்கும் தையலுக்கும் பேர்போனவர்கள். எடித்துக்குப் பலகாரம் சரிவராது, அதை அவரே ஒத்துக்கொள்வார். தையலில் மட்டும் யாரையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த மதிலோரத்தில் அரைக்கிற மாவு எப்போதும் ஒன்றுதான். மெல்றோய் பெரிய ஆட்டக்காரனாக வருவானா, மாட்டானா? மெல்றோய்க்கு இருபத்துமூன்று வயது. கொழும்பில் ஒரு கம்பனி அணிக்கு ஆடுகிறான். கம்பனியில் மேசை, கதிரை, கணக்கு வேலை என்று ஒன்றும் அவனுக்குக் கிடையாது. பந்தாடுவதற்குத்தான் சம்பளம். இந்தத் திடலில் ஆடிப் பழகியவர்களில் விளையாட்டையே தொழிலாக்கிக்கொண்டவன் அவன் ஒருவன்தான். ஆகவே அவன் ஆடுகிற நாளில் முனாஸ் தன்னுடைய கைத்தொலைபேசியைப் பிஸ்கட் டின்னில் சாய்த்து வைப்பார். சனம் சுற்றி நிற்கும். பிளேன்டீ நன்றாக ஓடும்.

மெல்றோயின் கட்சிக்குத் தலைவர் கனகசிங்கம். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் இதே திடலில் ஆடியவர், இப்போது படியேறும்போது இரண்டு முழங்கால்களும் அந்தக் கதையைச் சத்தமாகச் சொல்லும். பந்து கைக்கு வருமுன்பே அடுத்தது எங்கே போகவேண்டும் என்று மெல்றோய்க்குத் தெரிந்துவிடுகிறதாம். அவன் எடுத்து வைக்கிற முதல் அடிக்கு இந்த நாட்டில் மறிக்க ஆளில்லையாம். ஒரு நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் இரண்டே வருடத்தில் வெளிநாட்டுக் கழகங்கள் கதவைத் தட்டுமாம். இதையெல்லாம் கனகசிங்கம் பஸ் நேரம் அறிவிக்கிற அதே குரலில் அறிவிப்பார், மறுத்துப் பேச இடமிருக்காது.

ஆனால் எடித் மறுப்பார். கடைசிக் காற்பகுதியில் அவனுக்கு மூச்சு வாங்குகிறது, கண்ணில்லையா உங்களுக்கு என்பார். ஒரு பந்து தவறினால் அடுத்ததைக் கோபத்தில் எறிகிறான், கோபத்தில் எறிந்த பந்து எந்த ரிங்குக்குள் போயிருக்கிறது என்பார். தன்னைவிட உயரமானவன் முன்னால் நின்றால் தோளைக் குறுக்கிக்கொள்கிறான், அது சின்ன வயதிலிருந்தே இருக்கிற பழக்கம், இனிப் போகாது என்பார். பாராட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் நல்லதொரு பந்தைப் போட்டு எல்லோரும் கை தட்டுகிற நேரத்தில் எடித் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தேற்றாத்தீவிலிருந்து ஏதோ அலுவலாக வந்த ஒரு மனிதர் தேநீர் குடிக்க நின்றார். சிறிது நேரம் கேட்டுவிட்டு, இந்த அம்மாவுக்கும் அந்தப் பொடியனுக்கும் என்ன காணிச் சண்டையா என்று முனாஸிடம் மெல்லக் கேட்டார். முனாஸ் கோப்பையைக் கழுவியபடியே, அது அவருடைய மகன் என்றார். அந்த மனிதர் மிச்சத் தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார். பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது என்று ஊரில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எடித்தின் காதுக்கும் அது வந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியாத குறை மற்றவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

எதிர்க்கட்சித் தலைவி வீட்டுக்குப் போனால் பேச ஒரு சீவன் இல்லை. இரண்டு அறை வாடகை வீடு. யன்னலோரம் தையல் மெசின், பக்கத்தில் ஒரு கதிரை, இன்னொரு கதிரையில் தைத்து முடித்த உடுப்புகள். இரண்டாவது கதிரையில் ஆள் குந்தி எவ்வளவோ காலம். கணவர் பிரடெரிக் தச்சர். கடலோரம் டச்பாரில் வீடிருந்த காலத்தில், நத்தாருக்கு மறுநாள் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது போய்விட்டார். மெல்றோய்க்கு அப்போது மூன்று வயது. அதன்பிறகு எடித் கடற்பக்கம் குடியிருக்கவில்லை, வாவிப் பக்கமாக வந்துவிட்டார். அவருடைய அண்ணன்மார் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். பெருநாட்களில் அவர்களிடமிருந்து கைத்தொலைபேசிக்கு மெழுகுதிரிப் படம் வரும். எடித்தும் ஒரு மெழுகுதிரிப் படத்தைத் திருப்பி அனுப்புவார்.

ஆகவே இந்த மதிலோர வழக்கு அவருக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஊரில் வேறெங்கும் மெல்றோய் என்ற பேரை யாரும் சொல்லக் கேட்க முடியாது. மதிலுக்குப் போனால் நாலு பேர் அந்தப் பேரைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். சண்டை நீள வேண்டுமென்றால் ஒருவர் எதிர்த்துப் பேச வேண்டும். எல்லோரும் புகழ்ந்தால் தேநீர் ஆறுமுன்பே பேச்சு முடிந்துவிடும். அதோடு, பெற்றவளே புகழ்ந்தால் பிள்ளைக்கு நாவூறு படும் என்ற பயமும் உண்டு. கோயிலில் பாதர் இதையெல்லாம் நம்பக் கூடாது என்கிறார். பாதருக்குப் பிள்ளை இல்லை என்பது எடித்தின் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எடித் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற, மெல்றோயின் அழைப்பு வரும். சுகம் விசாரிப்பு இரண்டு சொல்லில் முடியும். பிறகு அவன், "எங்க மம்மி பிழை விட்டன்?" என்பான். எடித் தொடங்குவார். அந்த வாரத்து ஆட்டத்தில் விட்ட பிழைகள் ஒவ்வொன்றாக வரும். அவன் சிரித்துக்கொண்டு, பிறகு என்ன என்பதுபோல, "மறுகா?" என்பான். அவர் இன்னொன்றைச் சொல்வார். "மறுகா?" அணியில் எல்லோரும் அவனைத் தட்டிக் கொடுக்கிறவர்கள். அம்மா ஒருவர்தான் அவனை ஒழுங்காகப் பார்க்கிறவர் என்பது அவனுடைய எண்ணம். தாயும் மகனும் கொஞ்சிக்கொள்கிற விதம் இப்படி. வெளியிலிருந்து கேட்டால் வழக்காடுகிற மாதிரித்தான் இருக்கும்.

இத்தனை குறை சொல்கிற எடித் ஒரேயொரு குறையை மட்டும் எந்த நாளும் வாயில் எடுத்ததில்லை. மெல்றோய் பந்தோடு வலப்பக்கம்தான் போவான். இடப்பக்கம் எவ்வளவு வெளியிருந்தாலும் போக மாட்டான். முதல் அடி அவ்வளவு வேகமாக இருந்ததால் நெடுநாளாக இது யார் கண்ணிலும் படவில்லை. இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாததை மறைக்கத்தான் அவன் அந்த வேகத்தையே பழகினான் என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விசயம்.

அவனுக்குப் பத்து வயதில் நடந்தது அது. இந்தத் திடலில்தான், ரிங் கம்பத்தில் ஏறித் தொங்கி விழுந்தான். எடித் அவனைக் கரடியனாற்றில் ஒரு முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோனார். வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்து, எண்ணெய்த் துணி சுற்றி, நன்றாகவே கட்டினார். கட்டை நானே அவிழ்ப்பேன், வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதற்குள் கோயிலில் முதல் நற்கருணை நாள் வந்துவிட்டது. எடித் மாதக் கணக்காகத் தைத்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டின் இடக்கை அந்தக் கட்டுக்கு மேலால் போகவில்லை.

கோட்டின் கையைப் பிரித்துக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கலாம். ஊருக்கெல்லாம் தைக்கிறவருக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் ஒரு கை ஒடுங்கியும் ஒரு கை அகன்றும் நின்றால் கோட்டின் அழகு என்னாவது? தகப்பனில்லாத பிள்ளை, மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு குறையும் இல்லாமல் நிற்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அன்று காலையில் கட்டை அவிழ்த்தார். பூசை முடிந்தது, ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள், வீட்டுக்கு வந்து தன் கையாலேயே திரும்பக் கட்டினார். பிறகு வைத்தியர் அதை அவிழ்த்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், அது பாதியில் நின்றது. அடுத்து எடித்தின் முகத்தைப் பார்த்தார். அந்தப் படம் இப்போதும் மெசினுக்கு நேரே மேலே தொங்குகிறது. வெள்ளைக் கோட், கூப்பிய கைகள். உற்றுப் பார்த்தால் இரண்டு உள்ளங்கைகளும் சரியாகச் சேரவில்லை என்பது தெரியும்.

மெல்றோய் இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. கம்பனி அணியில் சேரும்போது பழைய முறிவு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றுவிட்டான். அன்று இரவு அம்மாவுக்கு அதைச் சொன்னவன், இது நமக்குள் இருக்கட்டும் என்றும் சொன்னான். எடித் அதை வாய்க்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். வருடக் கணக்காகத் தையல் விடவில்லை.

போன வருடம் அரையிறுதி ஆட்டம் வந்தது. மாலைதீவுக் கழகம் ஒன்று மெல்றோயைப் பார்க்க ஆள் அனுப்பியிருப்பதாகக் கதை. மதிலோரத்தில் நிற்க இடமில்லை. நிலோஜனும் வந்திருந்தான். பகலில் கைத்தொலைபேசிக் கடையில் வேலை, பின்னேரங்களில் ஊர் விளையாட்டுக்கென்று முகநூலில் ஒரு பக்கம் நடத்துகிறவன். ஆட்டத்தைப் பார்க்கிற சனத்தின் முகங்களை நேரலையாகப் போடுவதற்குத் தன் கைத்தொலைபேசியைக் கம்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எதிரணியில் யாரோ விசயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். வலப்பக்கத்தை முழுதாக மறித்து, இடப்பக்கத்தை வாசல் மாதிரித் திறந்துவிட்டார்கள். மெல்றோய் போகவில்லை. நின்றான், பந்தைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டாம் முறை போகப் பார்த்தான், பந்து கையிலிருந்து நழுவி வெளியே ஓடியது. மூன்றாம் முறை பயிற்சியாளர் அவனை ஆட்டத்திலிருந்து எடுத்து ஓரத்து வாங்குப் பலகையில் இருத்திவிட்டார். திரையில் அவன் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தான். முனாஸ் தேநீர் ஊற்றுவதை நிறுத்தியிருந்தார்.

கனகசிங்கத்துக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடமாக அவனைத் தலையில் தூக்கி வைத்திருந்த மனிதர் அன்று தொப்பென்று கீழே போட்டார். இடக்கை பழகப் பஞ்சிப்படுகிறவன் எதற்குச் சம்பளம் வாங்குகிறான் என்றார். தலைக்கனம், சோம்பல், பேர் வந்ததும் பயிற்சியை விட்டுவிட்டான் என்றார். உன் வாய்தான் சரி தங்கச்சி, நான்தான் ஏமாந்துபோனேன் என்று எடித்தைப் பார்த்துச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வழக்கில் எடித் வென்றுவிட்டார்.

எடித் மதிலிலிருந்து இறங்கினார். உதட்டில் இருந்த ஊசிகளை எடுத்துக் கவுனில் குத்திக்கொண்டார். அவர் ஊசியில்லாமல் பேசுவதை அங்கே யாரும் கண்டதில்லை. "பஞ்சி இல்ல கனகண்ணன். என்ட புள்ளைக்குப் பஞ்சி எண்டா என்னெண்டே தெரியா. அவனுக்கு அந்தக் கை கிறுகாது. சின்னதில முறிஞ்சது, சரியாப் பொருந்தல்ல. அந்தக் கையோடதான் இவ்வளவு தூரம் போயிரிக்கான்."

எடித் திரும்பிப் பார்த்தபோதுதான் கம்பின் நுனியில் இருந்த கைத்தொலைபேசி தன் முகத்துக்கு நேரே நிற்பதைக் கண்டார். நிலோஜன் கெட்டவன் இல்லை. விசயம் விளங்கியதும் உடனே அதை அழித்தான். ஆனால் நேரலையில் போனதை ஏற்கெனவே ஆட்கள் பிரதி எடுத்துவிட்டார்கள். விடிவதற்குள் கொழும்பில் கம்பனி அணிக்காரர் முழுப்பேரும் அதைப் பார்த்திருந்தார்கள். வருடக் கணக்காகக் குறை சொல்லியும் அந்தப் பிள்ளைக்கு ஒரு கீறல் விழவில்லை. ஒரேயொரு நாள் பரிந்து பேசினார், அது அவனுடைய சோற்றில் மண்ணள்ளிப் போட்டது.

திங்கட்கிழமை மெல்றோயின் அழைப்பு வந்தது. ஞாயிறு இல்லாத ஒரு நாளில் அவனுடைய பேர் திரையில் தெரிந்ததுமே எடித்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்பனி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறதாம். பொய் சொன்னதற்கு விசாரணையாம். மாலைதீவுக்காரர்கள் பிறகு பார்ப்போம் என்றுவிட்டார்களாம். சத்தம் போடாமல் சொன்னான். கடைசியில், "என்ட ஆட்டத்தப் பத்தி என்னெண்டாலும் சொல்லுங்க மம்மி, நான் கேட்பன். இது ஆட்டம் இல்ல. இத ஏன் சொன்னீங்க?" என்றான். அவன் எப்போதும் கேட்கிற அந்த "மறுகா" வரவில்லை. எடித் அதற்காகக் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடியே நின்றார்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. எடித் பூசையால் வந்து சப்பாத்தோடு குந்தியிருப்பார், கழற்றுவதில்லை. வெயில் ஏறி, பசி வந்து, அதுவும் போனபிறகு எழும்பி அடுப்பைப் பற்ற வைப்பார். தானாக எடுத்துப் பேசலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுத்து என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்று சொல்லத் தொடங்கினால் எங்கேயிருந்து தொடங்குவது? நேரலையிலிருந்தா, வெள்ளைக் கோட்டிலிருந்தா?

மதிலுக்குப் போவதையும் அவர் நிறுத்திவிட்டார். முனாஸ் இரண்டு முறை போத்தலில் தேநீர் கொடுத்தனுப்பினார், மூன்றாம் முறை தானே கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார். நிலோஜன் ஒரு களிசானைத் தூக்கிக்கொண்டு வந்தான். கால் நீளமாம், மடித்துத் தைக்க வேண்டுமாம். சரியான நீளத்தில்தான் இருந்தது. எடித் ஒன்றும் கேட்காமல் ஒரு நூலளவு மடித்துத் தைத்துக் கொடுத்தார். அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான், அவர் மெசினை ஓட்டத் தொடங்கிவிட்டார். அந்த வீட்டில் இருக்கிற சத்தம் மெசின் சத்தம் ஒன்றுதான். அதை நிறுத்தினால் வாவிக்கு அந்தப் பக்கம் நாய் குரைப்பதுகூடக் கேட்கும்.

மதிலோரத்திலும் கூட்டம் கரைந்துபோனது. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் கனகசிங்கத்துக்குப் புகழவும் வரவில்லை. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, பழக்கத்தில் மதில் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே வெறும் மதில்தான் இருக்கும். ஒருநாள் பொறுக்காமல் புறப்பட்டு, முழங்கால்கள் முறையிட முறையிட எடித்தின் படியேறி வந்தார். நல்ல செய்திதான் கொண்டுவந்திருந்தார். கம்பனி மெல்றோயை நிறுத்தவில்லையாம். கண்டிப்போடு விட்டுவிட்டார்களாம். மணிக்கட்டுக்குக் கட்டொன்று போட்டு ஆடலாம் என்று வைத்தியர் சொன்னாராம். அணி மாலைதீவுக்கு ஆடப் போகிறது, அவனையும் கூட்டிப் போகிறார்கள், அங்கே நன்றாக ஆடினால் அந்தக் கழகம் மறுபடி யோசிக்கும்.

சொல்லி முடித்துவிட்டு, கனகசிங்கம் வேண்டுமென்றே குரலை உயர்த்தினார். "பாருங்க தங்கச்சி, அவன் அங்க போய் எல்லாரையும் ஒரு கை பார்ப்பான். அவனுக்கு மேல ஆள் இல்ல." பிறகு காத்திருந்தார். உயரத்தைச் சொல்வார், மூச்சைச் சொல்வார், கோபத்தைச் சொல்வார், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று காத்திருந்தார்.

"ஓம்," என்றார் எடித்.

அவ்வளவுதான். கனகசிங்கம் அன்றுதான் உண்மையில் பயந்துபோனார். வந்த வழியே இறங்கிப் போனார்.

அந்தக் கிழமை ஒரு காலையில் கொழும்பு பஸ் நடத்துனர் வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டார். கையில் பொலித்தீன் சுற்றிய பார்சல். எடித் பிரித்துப் பார்த்தார். அணியின் பயணக் கோட், கடுநீலம், நெஞ்சில் கம்பனியின் சின்னம். உள்ளே வேறொன்றும் இல்லை. பொலித்தீனை உதறிப் பார்த்தார், பைகளுக்குள் கைவிட்டுப் பார்த்தார். நடத்துனர் தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே ஒப்புவித்தார். "உங்கட மகன் தந்தனுப்பினார் அக்கா. இடக்கைய அகலமாக்கட்டாம். கட்டுக்கு மேலால கோட் போகுதில்லையாம். இண்டைக்குப் பின்னேரம் பஸ் திரும்பும், அதுக்குள்ள தந்தாச் சரியாம்."

கொழும்பில் தையற்காரருக்குப் பஞ்சமா? ஒரு தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். இந்த வேலைக்காக ஒரு கோட் இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்திருக்கிறது. அவன் யோசித்துத்தான் இந்தச் சொற்களைச் சொல்லி அனுப்பினானா, அல்லது வாயில் வந்ததைச் சொன்னானா? எடித் நடத்துனரிடம் இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார். அவர் சொன்னார். கட்டுக்கு மேலால. பின்னேரம் கட்டாயம் வந்துவிடுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, எடித் கதவைச் சாத்தினார்.

கோட்டை உட்புறம் வெளியே வரத் திருப்பி மெசின் பலகையில் விரித்தார். எந்தத் தையற்காரன் தைத்ததோ, கை மூட்டில் நகமளவு துணிகூட உள்ளே விடவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக யாரையும் குறை சொல்லாத வாய், அந்தத் தையற்காரனை பறங்கியருடைய பழைய போர்த்துக்கீசில் ஏதோ சொல்லி முணுமுணுத்தது. பிறகு கோட்டின் முன் மடிப்புக்குள்ளே ஒளிந்திருந்த துணியில் ஒரு பட்டையை வெட்டினார். வெளியே யாருக்கும் தெரியாது. கையின் கீழ்த் தையலை மேலிருந்து கடைசிவரை பிரித்து, அந்தப் பட்டையை நடுவில் வைத்து, ஊசி குத்தி, மெசினில் கொடுத்தார். லைனிங்கைக் கையால் தைத்தார். இடையில் ஒருமுறைகூட மேலே தொங்கிய படத்தை அவர் பார்க்கவில்லை. ஊசி உதட்டில் இருந்தது, பேச ஆளில்லை.

முடிந்தபோது வெயில் யன்னலைத் தாண்டிப் போயிருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கோட்டின் இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, ஒன்று ஒடுங்கியும் ஒன்று அகன்றும். எடித் ஒரு முகத் துவாயை எடுத்துத் தன் இடது மணிக்கட்டில் சுற்றினார். போதாது என்று பட்டது, இன்னொன்றையும் மேலே சுற்றிப் பல்லால் முடிச்சை இறுக்கினார். மகனின் கோட்டுக்குள் அந்தக் கையை விட்டார். நீளமான கை, அவருடைய விரல்கள் நுனிக்கு வரவில்லை. கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, ரிங்குக்குப் பந்து போடுகிறவர்களைப் போல எட்டி, இடப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். துணி எங்கும் பிடிக்கவில்லை, தாராளமாகப் போனது. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சிறிய கத்திரியை எடுத்து, அந்தக் கையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கப் பிரித்தார்.